நான் மாற்றி ஒட்டிய இரண்டு சீட்டுகள்

தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலதிகாரி கேட்டார். "நீங்கள் சாதித்ததைப் பற்றி எழுதுங்கள் மேடம்" என்றார். சாதித்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் பெருமையடிக்க ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஆனால் என் பணிக்காலத்தின் பெரிய வெற்றிக்கு அடியில் ஒரு பெரிய தப்பு கிடக்கிறது. அதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் உங்களுக்குக் கிடைக்கும். எனவே தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டு தண்ணீர் பாட்டில்களில் எந்தக் கிணறு என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளை நான் என் நகத்தால் உரித்து, இடம் மாற்றி ஒட்டினேன். அதுதான் தப்பு.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், எனக்கு அனுபவம் அதிகம். சிரிக்காதீர்கள், அதுதான் உண்மையான காரணம்.

என் வேலையில் பெரும்பகுதி கடற்கரைத் தாலுகாக்களில் போனது. வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்பு ஒரு முறையும் மழைக்குப் பின்பு ஒரு முறையும், கடலோரக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்ப்போம். மழை பெய்தால் உப்பு கொஞ்சம் இறங்கும், கோடையில் மறுபடி ஏறும். ஆனால் ஒரு கிணற்றுக்குள் கடல் ஒருமுறை நுழைந்துவிட்டதென்றால், பத்து மழை பெய்தாலும் அது பழைய கிணறு ஆகி நான் பார்த்ததில்லை. உப்புக் கிணறு என்றைக்கும் உப்புக் கிணறுதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கிணறு கிணறாக நடந்து கற்றுக்கொண்டேன். ஒரு சொட்டை நாக்கில் வைத்தே உப்பு எவ்வளவு என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெயர் வேறு. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். சோதிக்காத தண்ணீரை நாக்கில் வைப்பது சுத்தக் கிறுக்குத்தனம்.

என் வீட்டுக்காரர் ஊர் ராஜபாளையம். பணி ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வுக்கூடத்துக்கு பஸ். கடற்கரையில் நான் போட்டுக்கொண்ட கண்ணாடியைக் கழற்றாமலே இங்கே வந்து உட்கார்ந்தேன்.

வந்த முதல் வருஷமே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. ஆனி மாதம் தேவதானத்தில் ஒரு கண்மாய்க்கரையில் நின்று, படிவத்தில் "மழைக்கு முன்" என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மழைக்கு முன்னாடி மேடம்? மலையில பெஞ்ச மழைக்கா, இனிமே ஐப்பசியில பெய்யப்போறதுக்கா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் மேற்கே மலை முழுக்க மேகம். ஓடையில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கடற்கரைக்கு ஒரு மழைக்காலம்தான், மலையடிவாரத்துக்கு இரண்டு. அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எச்சரிக்கையைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டது முதல் முட்டாள்தனம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுந்தரபாண்டியத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் இரண்டு பொதுக்கிணறுகள். கண்மாய்க்கு அடியில் இருப்பது நல்லதண்ணிக் கிணறு, ஓடைப் பக்கம் இருப்பது உப்புக் கிணறு. உங்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் உப்புத் தண்ணி என்றால் கரிக்கிற தண்ணீர் மட்டுமல்ல, சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத கடினத் தண்ணீரையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஊரில் வீடுகளுக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்ததிலிருந்து இரண்டு கிணற்றிலும் யாரும் குடிக்க மொள்வதில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு மட்டும் நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்றினார்கள்.

நான் ஓய்வு பெற வேண்டிய வருஷம் தை மாதம், மழைக்குப் பிந்தைய ஆய்வுக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீரும் என் மேஜைக்கு வந்தன. கொண்டுவந்தவர் கருப்பசாமி. எங்களுக்குத் தண்ணீர் எடுத்து வருபவர், ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட நல்ல கையெழுத்து. சோதித்துப் பார்த்தால், உப்புக் கிணற்றுத் தண்ணீர் அருமையாக இருக்கிறது. நல்லதண்ணிக் கிணற்றுத் தண்ணீரில் கடினத்தன்மை தலைக்கு மேலே போகிறது. பழைய ஃபைலை எடுத்தேன். அதில் நேர் எதிர். நடுவில் சில வருஷம் அந்த ஊருக்கு யாரும் போகவில்லை, ஆனாலும் பழைய ஃபைல் என் பக்கம் பேசியது. கருப்பசாமியைக் கூப்பிட்டேன்.

"சீட்ட மாத்தி ஒட்டிட்டீங்களா கருப்பசாமி?"

"இல்ல மேடம்."

"உப்புக் கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கு. இது நடக்குமா?"

"நடக்குமா நடக்காதாங்கிறது எனக்குத் தெரியாது மேடம். கிணத்து மேட்டுல நின்னு சீட்டு எழுதுனேன், ஒட்டுனேன், பொறவுதான் தண்ணி மொண்டேன்."

"வண்டியில வரும்போது ஈரத்துல உரிஞ்சிருக்கும். திரும்ப ஒட்டும்போது மாறியிருக்கும்."

"உரியல மேடம்."

"நான் எத்தன வருசமா இந்த வேலை பாக்கேன்னு தெரியும்ல உங்களுக்கு?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினேன். "சரி மேடம், வாரேன்" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ரிப்போர்ட்டில் "நல்லதண்ணிக் கிணறு: குடிக்கவும் சமைக்கவும் உகந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. நான் மறந்துவிட்டேன்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கையில் தூக்குவாளியோடு ஒரு அம்மா வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் இருந்தது.

"தண்ணி நல்லாருக்குன்னு எழுதுன மேடம் நீங்கதானா?"

"ஆமா. நீங்க யாரு?"

"பேச்சியம்மா. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கேன்." ஊர்ப் பெயரைச் சொன்னார். தூக்குவாளியை என் மேஜையில், ஃபைல்களுக்கு நடுவில், டொம்மென்று வைத்து மூடியைத் திறந்தார். மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. "காலையிலருந்து வெந்த பருப்பு. ஒண்ண எடுத்து வாயில போடுங்க."

போட்டேன். பல்லில் கடுக்கென்றது.

"பிள்ளைக துப்புதுக. ரெண்டு பிள்ளைக்கு வயித்தவலி வந்துருச்சு. நான் அடுப்புக் கேஸ மிச்சம் புடிக்கேன்னு சொல்லுதாக. தண்ணி சரியில்ல சார்னு யூனியன் ஆபீசர்ட்டச் சொன்னேன். அவரு உங்க தாள என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதாரு. லேப்புல நல்லாருக்குன்னு எழுதிருக்கு, நீ என்ன லேப்பவிடப் பெரிய ஆளாங்காரு."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரொம்பத் தோரணையாகச் சொன்னேன்: "பருப்பு பழசா இருக்கும்மா. பழைய பருப்பும் வேகாது."

"அதே மூடையில ஒரு பிடி எடுத்துட்டுப் போயி என் வீட்டுல குழாத் தண்ணியில போட்டேன். கரைஞ்சு போச்சு."

"அப்ப அத ஆபீசர்ட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே! பள்ளிக்கூடத்துப் பருப்பு உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு."

அந்த அம்மா மூடியை மூடினார். அதுவரை இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "திங்கக்கிழமை விசாரண. வேலைய விட்டு எடுக்கப் போறாகளாம். வேல போனாக்கூடப் போகட்டும் மேடம். பதினாறு வருசமா அந்தப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவ நான். வேகாத சோத்தப் போட்டு பிள்ளைகளக் கெடுத்தவன்னு பேரு நின்னுபோகும்ல?"

போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாயில் இன்னும் அந்தப் பருப்பின் துண்டு இருந்தது.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மறுபடி சோதிக்கத் தேவையே இல்லை. கருப்பசாமி சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான்தான் பாட்டிலுக்குள் இருந்த தண்ணீரை நம்பாமல் கிணற்றின் பெயரை நம்பியிருக்கிறேன். பழைய ஃபைலில் இருந்த ஊர் வேறு, இன்றைக்கு இருக்கிற ஊர் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. சீட்டை மாற்றி ஒட்டினேன் என்று எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், கடைசி நாளில் மாலை போடுவதற்குப் பதிலாக முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்.

தப்பிக்க ஒரு வழியும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு வழி கண்ணில் படும். ஆனியில் மழைக்கு முந்தைய ஆய்வு வரும். அப்போது புது அளவைப் புதுத் தாளில் எழுதி அனுப்பிவிட்டால், தண்ணீர் கோடையில் மாறிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். என் தப்பு யாருக்கும் தெரியாது. அதற்குள் பேச்சியம்மாளின் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து ராஜபாளையத்தில் இறங்கும்வரை இந்த வழியை நான் நிஜமாகவே யோசித்தேன். நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, ஸ்டாண்டிலேயே நின்று கருப்பசாமிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு அந்த ஊருக்குப் போகணும். வாரீகளா?"

"சீட்டு யாரு எழுதுறது மேடம்?" என்றார்.

நல்ல அடி. வாங்கிக்கொண்டேன். "நீங்கதான். நான் பக்கத்துல நிக்கேன்."

சனிக்கிழமை காலையில் போனோம். நல்லதண்ணிக் கிணற்றுக்கு மேலே இருந்த கண்மாயைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. உள்ளே முழுக்கச் சீமைக் கருவேலம். தண்ணீர் வரும் வாய்க்காலில் கட்டட இடிசல் கொட்டி மேடாகிக் கிடந்தது. கண்மாய் நிரம்பாமல் அதன் அடியில் இருக்கும் கிணறு எப்படி நல்ல கிணறாக இருக்கும்? மழை பெய்தாலும் இந்தக் கிணற்றுக்கு அது வந்து சேருவதில்லை.

அங்கிருந்து ஓடைப் பக்கம் போனோம். உப்புக் கிணற்றுக்குக் கொஞ்சம் மேலே, ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை. அது கட்டப்பட்டதே எங்கள் ஃபைலில் இல்லை. அணைக்குள் மாசியிலும் தண்ணீர் நின்றது. கிணற்று மேட்டில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை வழிந்து ஓடியது. நான் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"உப்புக் கிணத்துல சோப்பு நுரைக்குதாம்மா?"

"அணை கட்டுனதுலருந்து நல்லாத்தான் நுரைக்கி."

"இத யாருட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுத் துணியை அடித்தார்.

கருப்பசாமி சீட்டு எழுதினார், ஒட்டினார், பிறகு மொண்டார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிணற்று மேட்டிலேயே ஒரு தடவை பார்த்தோம், ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்தோம். தை மாதம் அவர் கொண்டுவந்தபோது என்ன வந்ததோ அதேதான் வந்தது. "தப்பு என் மேலதான் கருப்பசாமி, அன்னைக்கு உங்கள அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றேன். "சரி மேடம்" என்றார். கொஞ்சம் கழித்து, "டீ சொல்லவா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் டீ. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வராண்டாவில் விசாரணை. நானும் கருப்பசாமியும் போனோம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறதென்று கையைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். பெற்றோர்கள் முற்றம் நிறைய நின்றார்கள். பேச்சியம்மாள் சமையல்கூட வாசலில், நிலையில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி என் ரிப்போர்ட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அந்தத் தாள் தப்பு. தப்புப் பண்ணுனது நான்."

"மேடம், யோசிச்சுப் பேசுங்க. இதெல்லாம் எழுத்துல குடுக்கணும்."

"எழுதியே கொண்டாந்துருக்கேன்" என்று கொடுத்தேன். நல்லதண்ணிக் கிணற்றில் சமைத்தால் யார் சமைத்தாலும் பருப்பு வேகாது, உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான் இப்போது சமையலுக்குச் சரி, குடிப்பதற்குக் கிருமிச் சோதனை முடிவு வந்த பிறகு சொல்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இத்தோடு முடிந்தது, எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

"உப்புக் கிணத்துத் தண்ணியவா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். அய்யனார் என்று பெயர், வயிற்றுவலி வந்த பிள்ளைகளில் ஒன்றின் அப்பா. "மாடு குளிப்பாட்டுற தண்ணிய எம்பிள்ளைக்கு ஊத்தப் போறீகளா? போன மாசம் நல்லாருக்குன்னு எழுதுனீக. இன்னைக்கு நல்லால்லங்கிறீக. அடுத்த மாசம் வந்து என்ன சொல்லுவீக?"

கூட்டமே அவரோடு சேர்ந்துகொண்டது. பேச்சியம்மாளைக் காப்பாற்றத்தான் நான் பேரம் பேசி வந்திருக்கிறேன் என்று ஒரு குரல் கேட்டது. நான் கடினத்தன்மை அளவைச் சொன்னேன், அது யார் காதிலும் ஏறவில்லை. அய்யனார் கேட்டதில் நியாயம் இருந்தது. போன மாதம் தப்பான அளவை எழுதியவளும் நான்தான். அதிகாரி ஃபைலை மூடப் போனார். மூடினால் முதல் ரிப்போர்ட்தான் நிற்கும்.

அப்போதுதான் பேச்சியம்மாள் வாசலை விட்டு இறங்கி வந்தார்.

"ஏ, செத்த நேரம் சும்மா இருங்க. சார், உள்ள ரெண்டு அடுப்பு இருக்கு. ரெண்டு கிணத்துத் தண்ணியையும் வச்சு ஒரே பருப்பப் போடுங்க. வேகுதா இல்லையான்னு கண்ணால பாத்துட்டு என்னைய வீட்டுக்கு அனுப்புங்க."

எனக்குள்ளே இருந்த சோதனைக்காரி விழித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் ஒரு காரியம் சரியாகச் செய்தேன், அதற்கு மட்டும் நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம். "பேச்சியம்மா தண்ணியத் தொடக்கூடாது" என்றேன். அந்த அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "நானும் தொடமாட்டேன். அய்யனார், நீங்களே ரெண்டு கிணத்துலயும் மொண்டுட்டு வாங்க. பாத்திரத்துல சாக்பீஸால ஒண்ணு, ரெண்டுன்னு எழுதுங்க. எது எந்தக் கிணறுன்னு ஒரு தாளுல எழுதி மடிச்சு சார் சட்டப்பையில வைங்க. வெந்து இறக்குற வரைக்கும் உங்களத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது."

அய்யனார் ஒரு நிமிஷம் யோசித்தார். "தாளு குடுங்க" என்றார்.

பருப்பையும் அவரே அளந்து போட்டார். இரண்டு அடுப்பும் ஒரே அளவு எரிந்தன. அதிகாரிக்கு நாலு போன் வந்தது. முதல் இரண்டை எடுத்தார், பிறகு எடுப்பதை விட்டுவிட்டுச் சமையல்கூட ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பிலிருந்த பிள்ளைகளை வாத்தியாரால் பிடித்து வைக்க முடியவில்லை. இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், இருந்தாலும் பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கருப்பசாமி என் பக்கத்தில் வந்து நின்று, "வேகும் மேடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்து பேச்சியம்மாள் கரண்டியை ஒன்றாம் பாத்திரத்தில் விட்டார். கலக்கும்போது பருப்பு பாத்திரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் பாத்திரத்தில் விட்டார். சத்தமே இல்லை. கரண்டியை எடுத்தால் மஞ்சளாக, கூழாக வழிந்தது.

"சார், நீங்களே வாயில போட்டுச் சொல்லுங்க."

அதிகாரி ஒன்றாம் பருப்பை வாயில் போட்டார், திரும்பி நின்று துப்பினார். இரண்டாவதை ஒரு கரண்டி வாங்கினார். சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "வெந்துருக்கு. நல்லா வெந்துருக்கு. ஆனா உப்பே இல்லையேம்மா" என்றார்.

"கேட்டுக்கோங்கய்யா எல்லாரும்!" என்று பேச்சியம்மாள் கூரை அதிரக் கத்தினார். "உப்பே இல்லைன்னு ஆபீசரே சொல்லிட்டாரு!"

அதிகாரி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். வாசிப்பதற்கு முன்னாலேயே அய்யனார் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "ரெண்டு, உப்புக் கிணறு" என்று அதிகாரி வாசித்ததும் எழுந்த சத்தத்தை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கேட்டதில்லை. ஒருத்தர் விசில் அடித்தார். கருப்பசாமி, ஒரு நாளும் சத்தமாகச் சிரிக்காத மனுஷன், வாய் விட்டுச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். உப்புக் கிணற்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பைப் போடுகிற வரைக்கும் என் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்று அய்யனார் சொன்னார். சொன்னபடி தினமும் கொண்டுவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்பாராத அளவு வந்தால் சீட்டில் கை வைக்காதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைத்த பாடம் இவ்வளவுதான்.

அதிகாரி ஃபைலில் எதையோ எழுதி, "விசாரணை முடிஞ்சது, அந்தம்மா மேல குத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆனால் பேச்சியம்மாள் வழியை மறித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

நான் முந்திக்கொண்டேன். "என்னைய மன்னிச்சிருங்க பேச்சியம்மா."

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்யப் போறேன்? தாளுல வந்த குத்தம் தாளுலதான் போகணும். எழுதிக் குடுங்க. சீல் வச்சுக் குடுங்க."

ஆய்வுக்கூடத்துத் தாளும் சீலும் பையில் இருந்தன. சாக்பீஸ் தூசி படிந்த மேஜையில் வைத்து எழுதினேன். "இப்பள்ளியின் சத்துணவுச் சமையலர் பேச்சியம்மாளின் சமையலில் எந்தக் குறையும் இல்லை. குறை தண்ணீரிலும், அதைச் சோதித்த என்னிடமும் இருந்தது." கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து நீட்டினேன்.

அவர் வாங்கி, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். "என்னிடமும்" வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யக்கா, இத வேணா அடிச்சிருங்க. அம்புட்டுக்கு வேண்டாம்."

"இருக்கட்டும். அதையும் சேத்து வாசிங்க."

வாசித்தார். முதலில் வாசித்ததைவிடச் சத்தமாக வாசித்தார். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏலே, எல்லாரும் தட்ட எடுத்துட்டு வாங்கலே! பருப்பு வெந்துருச்சு!"